வாசகம் ஒன்று, வாய் திறந்தவர்கள் சிலர்

திருவழிபாட்டு ஆண்டின் போக்கிலேயே மனித உயிரின் புனிதத்தைச் சிந்திக்கும் எழுத்து, கிறிஸ்தவ உலகில் ஒரு தனி வகையாக வளர்ந்திருக்கிறது. திருவருகைக் காலத்தில் கருவுற்றிருக்கும் மரியா, டிசம்பர் 28இல் ஏரோது கொன்ற குழந்தைகள், திருநீற்றுப் புதனில் மண், பெரிய வெள்ளியில் அரசு கொன்ற ஒரு மனிதர், நவம்பர் 2இல் கல்லறைகள் என்று ஆண்டு நகர, எழுதுபவரும் அதனோடு நகர்கிறார். இந்த எழுத்துகளின் அடியில் சொல்லாமலே கிடக்கும் துணிபு ஒன்று உண்டு. ஆண்டுதோறும் இவ்வாசகங்களைக் கேட்டு வளரும் சமூகம் உயிரை மதிக்கக் கற்றுக்கொள்ளும் என்பதே அது. பக்திக்கு இதமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் இதை ஏற்றுக்கொள்ள முடியாது. வரலாற்றில் இதைச் சோதித்துப் பார்க்க இடமிருக்கிறது, சோதித்துத்தான் ஆகவேண்டும்.

அதற்குப் பொருத்தமான நாள் 1941 ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியில் ம்யூன்ஸ்டர் நகரின் தூய லம்பேர்த்து ஆலயத்தில் ஆயர் க்ளெமென்ஸ் ஆகஸ்ட் ஃபொன் காலன் மறையுரை மேடை ஏறினார். மனநோயாளிகளையும் மாற்றுத்திறனாளிகளையும் அந்நாட்டு அரசு ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகக் கொன்றுவந்த நேரம் அது. 1939 செப்டம்பர் 1 என்று முன்தேதியிட்டு ஹிட்லர் கையெழுத்திட்ட ஒற்றைத் தாள்தான் கொலைக்கு ஆதாரம். சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை. க்ராஃபெனெக், பிராண்டன்பர்க், ஹார்ட்ஹைம், சோனன்ஷ்டைன், பெர்ன்பர்க், ஹாடமார் ஆகிய ஆறு இடங்களில் நச்சுவாயு அறைகள் அமைந்தன. 1941 ஆகஸ்ட் முடியும்வரை 70,273 பேர் என்று கொன்றவர்களே கணக்கெழுதி வைத்தார்கள். குடும்பங்களுக்குப் பொய்யான நோய்ப்பெயர் எழுதிய இறப்புச் சான்று போய்ச் சேர்ந்தது.

பெந்தெகொஸ்தேவுக்குப் பின்வரும் ஒன்பதாம் ஞாயிறு அது. அன்றைய உரோமை வழிபாட்டு முறைப்படி அந்நாளின் நற்செய்தி லூக்கா 19ஆம் அதிகாரம்: எருசலேம் நகரைப் பார்த்து இயேசு கண்ணீர் விடும் பகுதி. காலன் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. இலத்தீன் முறையைப் பின்பற்றிய ஆலயங்களில் அன்று எல்லோருக்கும் அதே வாசகம்தான். அந்தக் கண்ணீரிலிருந்தே அவர் பேசத் தொடங்கினார். பிறகு, ம்யூன்ஸ்டருக்கு அருகிலுள்ள மரியந்தால் மனநல இல்லத்திலிருந்து நோயாளிகள் ஏற்றிச் செல்லப்பட்டதை ஊர்ப்பெயர் சொல்லி அறிவித்தார். திட்டமிட்ட கொலைக்கான தண்டனைச் சட்டப் பிரிவைச் சுட்டிக்காட்டி, ஜூலை 28ஆம் தேதியே அரசு வழக்கறிஞரிடம் தாம் புகார் கொடுத்திருப்பதைச் சொன்னார். போர்முனையில் மகன் இருக்க, மனநல இல்லத்தில் கிடந்த 55 வயது விவசாயி ஒருவரின் கதையைச் சொன்னார். பத்துக் கட்டளைகளும் நாட்டில் எப்படி மிதிபடுகின்றன என்று எடுத்துரைத்துவிட்டு, கடைசியில் மறுபடியும் எருசலேமின் கண்ணீருக்கே திரும்பினார்.

இந்த மறையுரைக்கு வாசகம் என்ன கொடுத்தது என்பதைத்தான் முதலில் நிறுக்க வேண்டும். அது ஒரு முக்கியமான காரியத்தைச் செய்திருக்கிறது. தலைப்பைத் தானே தேர்ந்தெடுத்துப் பேசும் போதகருக்குக் குற்றவாளி பெரும்பாலும் ஆலயத்துக்கு வெளியேதான் இருப்பார். லூக்கா 19 அதற்கு இடம் தருவதில்லை. இயேசு அழுவது தம் சொந்த நகரத்தைப் பார்த்து. காலன் அந்த இடத்தில் ம்யூன்ஸ்டரையும் ஜெர்மனியையும் நிறுத்தியபோது, பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களும் அந்த அழுகைக்கு உரியவர்களானார்கள். வெறும் கண்டனமாக முடிந்திருக்கக்கூடிய பேச்சு, புலம்பலாகவும் எச்சரிக்கையாகவும் ஆனது. திருவழிபாட்டு ஆண்டின் உண்மையான வலிமை இங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன்: போதகர் தெரிந்தெடுக்காத சொல், போதகரையும் சேர்த்தே விசாரிக்கிறது.

ஆனால் நாட்காட்டியை ஓராண்டு பின்னால் தள்ளிப் பாருங்கள். அந்தக் காலத்தில் வாசகச் சுற்று ஓராண்டுக்கு உரியது. மூன்றாண்டுச் சுற்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1969இல் வந்தது. ஆகவே 1940இலும் அதே ஞாயிறு வந்தது; அவ்வாண்டில் அது ஜூலை 14. நச்சுவாயு அறைகள் அப்போதே இயங்கிக்கொண்டிருந்தன. அதே லூக்கா 19 ஜெர்மனி முழுவதும் கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. கொலை நடப்பது அந்த ஜூலை மாதத்திலேயே காலனுக்குத் தெரியவந்தது. ஜெர்மன் ஆயர் பேரவைத் தலைவர் கர்தினால் பெர்ட்ராமுக்கு அவர் கடிதமும் எழுதினார். வ்யுர்ட்டம்பர்க் லூத்தரன் பேராயர் தியோஃபில் வூர்ம் 1940 ஜூலை 19இல் உள்துறை அமைச்சருக்கு எழுதினார். பெர்ட்ராம் ஆகஸ்டில் அரசுக்கு எழுதினார். எல்லாம் கடிதங்கள். மேடையிலிருந்து காலனின் வெளிப்படையான குரல் எழ இன்னும் ஓராண்டு பிடித்தது; இடையில் பல்லாயிரம் பேர் செத்தார்கள்.

அப்படியானால் 1941இல் வாயைத் திறக்கவைத்தது எது? அந்த ஜூலையில் ம்யூன்ஸ்டர் மீது குண்டுகள் விழுந்தன. இயேசு சபையாரின் இல்லங்களை இரகசியக் காவல்படையான கெஸ்டபோ பறித்துக்கொண்டு துறவிகளை வெளியேற்றியது. ஜூலை 13இலும் 20இலும் காலன் அதை எதிர்த்துப் பேசிவிட்டார். அச்சத்தின் வாசலை ஏற்கெனவே கடந்திருந்தார். பிறகுதான் மரியந்தாலிலிருந்து ஆட்கள் கொண்டுபோகப்பட்டார்கள். நாட்காட்டி அவருக்குச் சொல்லைக் கொடுத்தது. நெஞ்சுரத்தைக் கொடுத்தது வேறு. வாசகமே மனசாட்சியை எழுப்பிவிடும் என்று நம்புபவர்கள் 1940 ஜூலை 14க்குப் பதில் சொல்ல வேண்டும்.

மறையுரையின் வாதத்தையும் நிறுத்துப் பார்க்கலாம். அதில் இரண்டு இழைகள் உண்டு. ஒன்று: பயன்படாத எந்திரத்தையோ நொண்டிக் குதிரையையோ பற்றியல்ல இந்தப் பேச்சு, இவர்கள் மனிதர்கள், நம் சகோதர சகோதரிகள் என்பது. இரண்டாவது: பயனற்றவர்களைக் கொல்லலாம் என்றால், நாளை முதியவர்களும், போரில் கை கால் இழந்து திரும்பும் படைவீரர்களும் என்ன ஆவார்கள் என்பது. மக்களிடம் தீயாய்ப் பரவியது இரண்டாவது இழை. ஒவ்வொரு வீட்டிலும் போர்முனைக்குப் போன மகன் ஒருவன் இருந்தான். ஆனால் இறையியல் அளவில் அது தளர்ந்த இழை. அடுத்தது நம்மவர்களாக இருக்கலாம் என்ற பயம், தொலைவில் இருப்பவரின் உயிரைப் பாதுகாக்க உதவாது. நமக்கு அந்த ஆபத்து வரவே வராது என்று உறுதியாகத் தெரிந்தால், அந்த வாதம் அங்கேயே நின்றுவிடும்.

ம்யூன்ஸ்டரில் அது அப்படித்தான் நின்றது. அதே ஆண்டு செப்டம்பர் 19இலிருந்து ஜெர்மனியின் யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டியதாயிற்று. டிசம்பர் 13, சனிக்கிழமை, ம்யூன்ஸ்டரின் யூதர்கள் ரீகாவுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். மறுநாள் திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு, மகிழுங்கள் என்று அழைக்கும் வாசகத்துக்குரிய நாள். ஆகஸ்டில் ஒலித்த குரல் அந்த ரயிலுக்காக மேடையில் ஒலிக்கவில்லை. வரலாற்றாசிரியர் பெத் க்ரீக்-பொலெல் 2002இல் வெளியிட்ட நூலில் காலனை இந்த இடத்தில்தான் கடுமையாகக் கேள்வி கேட்கிறார். 2005இல் அருளாளராக உயர்த்தப்பட்டவர் காலன். அவருடைய துணிச்சல் மெய்யானது, அதை மதிக்கிறேன். அந்த மௌனமும் மெய்யானது.

பெர்லினில் தூய ஹெட்விக் பேராலயத்துக் குரு பெர்ன்ஹார்ட் லிஷ்டன்பெர்க் வேறு வழியில் போனார். 1938 நவம்பரில் யூதத் தொழுகைக்கூடங்கள் எரிந்த நாள்முதல், மாலை வழிபாட்டில் யூதர்களுக்காக அவர் வெளிப்படையாக மன்றாடி வந்தார். காலனின் மறையுரையை அறிந்ததும், 1941 ஆகஸ்ட் 28இல் அரசின் தலைமை மருத்துவ அதிகாரிக்கு நோயாளிகள் கொலையைக் கண்டித்து எழுதினார். அக்டோபரில் கைதானார், 1943 நவம்பர் 5இல் டாக்கௌ முகாமுக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்தார். அவருக்குத் தனித் திருநாளோ பொருத்தமான வாசகமோ தேவைப்படவில்லை. மாலைதோறும் சொன்ன ஒரு மன்றாட்டு போதுமாயிருந்தது. நோயாளியும் யூதரும் அவருடைய மன்றாட்டில் ஒன்றாக இடம்பெற்றார்கள்.

இன்னும் சங்கடமான கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. நாட்காட்டியே உயிருக்கு எதிராகப் பேசியது இல்லையா? இருக்கிறது. பெரிய வெள்ளி வழிபாட்டில் யூதர்களுக்கான மன்றாட்டு, அவர்களை நம்பிக்கைத் துரோகிகள் என்ற பொருள்படும் அடைமொழியோடு நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டது. மற்ற மன்றாட்டுகளுக்கு முழந்தாளிட்ட சபை, இதற்கு மட்டும் முழந்தாளிடவில்லை. அதை மாற்றக் கேட்ட குருக்களின் சங்கம் ஒன்றை 1928 மார்ச் 25இல் வத்திக்கான் கலைத்தது. அதே ஆணையில் யூத வெறுப்பைக் கண்டிக்கவும் செய்தது. முழந்தாளிடுதல் 1955இல் திரும்பியது. அந்த அடைமொழியை 1959இல் 23ஆம் யோவான் நீக்கினார். ஆஷ்விட்ஸுக்கு முன்னும், அது நடந்துகொண்டிருந்தபோதும், ஒவ்வொரு பெரிய வெள்ளியும் அந்தச் சொல் பீடத்திலிருந்து ஒலித்தது. ஜெர்மன் லூத்தரன் மரபிலோ, இதே லூக்கா 19 வரும் ஞாயிறு எருசலேமின் அழிவை நினைவுகூரும் யூதர் ஞாயிறாகவே நெடுங்காலம் இருந்தது. அங்கே அந்தக் கண்ணீர் பெரும்பாலும் தண்டனைத் தீர்ப்பாக வாசிக்கப்பட்டது. ஒரே வாசகம் காலனின் கையில் தன் மக்களை விசாரித்தது. வேறு மேடைகளில் மற்றொரு மக்களை இகழ்ந்தது.

பெரிய வெள்ளி இன்னொரு சாட்சியத்தையும் தருகிறது. அரசின் மரணதண்டனையில் செத்த ஒருவரை ஆண்டுதோறும் நினைவுகூர்ந்த திருச்சபை, பதினெட்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் மரணதண்டனை கொடுத்தது. திருத்தந்தையின் ஆட்சிப்பகுதியில் 1796முதல் 1864வரை தூக்கிலும் கோடரியிலும் கில்லட்டினிலும் தண்டனை நிறைவேற்றிய ஜொவான்னி பத்திஸ்தா புகாத்தி, 516 பேரைக் கொன்றதாகத் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். மரணதண்டனையை ஏற்க முடியாது என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2267ஆம் பத்தி திருத்தப்பட்டது 2018இல். சிலுவையை நூற்றுக்கணக்கான தடவை முத்தமிட்ட பிறகும் அதன் பொருள் ஒரு சமூகத்துக்குப் புரியாமலே இருந்துவிட முடியும் என்பதை இதைவிடத் தெளிவாக எது காட்டும்? நாட்காட்டி தானாகவே கற்பித்துவிடும் என்ற துணிபு இங்கே உடைகிறது.

இதற்கு மாற்றாக வைக்கப்படுவது, உயிருக்கென்று ஒரு ஞாயிறை ஒதுக்கும் வழி. கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கிய 1973 ஜனவரி 22 தீர்ப்பை ஒட்டி, அமெரிக்காவில் பல சபைகள் ஜனவரியில் அப்படியொரு ஞாயிறைக் கடைப்பிடிக்கின்றன. 1984இல் அதிபர் ரீகன் அந்த நாளை அறிவிக்கவும் செய்தார். இந்த வழியில் ஒரு நேர்மை உண்டு: எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை மறைப்பதில்லை. கருவிலுள்ள உயிர் குறித்த கவலையும் நேற்று அமெரிக்க அரசியலில் முளைத்தது அல்ல. தொடக்கத் திருச்சபையின் தொன்மையான நூல்களுள் ஒன்றான திதாக்கே, கருக்கலைப்பையும் சிசுக்கொலையையும் சேர்த்தே விலக்கியது. ஆயினும் குறை பெரியது. ஒரு நீதிமன்றத் தீர்ப்பின் தேதி திருச்சபையின் நாட்காட்டிக்குள் நுழைந்துவிட்டது. 2022 ஜூன் 24இல் அந்தத் தீர்ப்பு ரத்தான பிறகும் ஜனவரி ஞாயிறு தொடர்கிறது. அன்றைக்குத் தலைப்பு முதலில் வருகிறது. வாசகம் அதற்கேற்ப வளைகிறது. விசாரிக்கப்படுபவர் ஆலயத்துக்கு வெளியே போய்விடுகிறார்.

அந்தப் பழக்கம் டிசம்பர் 28ஐயும் சுருக்கிவிட்டது. மாசில்லாக் குழந்தைகள் திருநாளைக் கருக்கலைப்புக்கு எதிரான நாளாக மட்டும் வாசிக்கும் எழுத்துகள் ஏராளம். மத்தேயு இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அங்கே கொல்பவன் அரசன், கருவி படை, காரணம் அரியணையின் பாதுகாப்பு. தப்பிய குழந்தை எல்லை கடந்து எகிப்தில் அடைக்கலம் தேடுகிறது. ராகேல் ஆறுதல் பெற மறுத்து அழுகிறாள். போரில் சாகும் பிள்ளைகளையும் அகதிக் குழந்தைகளையும் விட்டுவிட்டு இதை வாசிப்பது, நற்செய்தியின் பாதியைத் தாண்டிப்போவது. கருவிலுள்ள குழந்தையை அதிலிருந்து விலக்கச் சொல்லவில்லை. அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விலக்குவதைத்தான் மறுக்கிறேன். மார்ச் 25இல் மங்கள வார்த்தையும் டிசம்பர் 25இல் பிறப்புமாக, ஆண்டே ஒரு கர்ப்பத்தின் ஒன்பது மாதத்தை எண்ணுகிறது. கருவை மதிப்பதற்கு இதைவிட அழுத்தமான சாட்சி வேண்டாம். பல சமயத்தார் வாழும் நாட்டின் சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அந்த எண்ணிக்கையே விடையாகிவிடாது. அதற்கு வேறு வாதங்களும், கருவைச் சுமக்கும் பெண்ணின் பேச்சைக் கேட்கும் பொறுமையும் வேண்டும்.

சிகாகோ பேராயர் கர்தினால் ஜோசப் பெர்னார்டின் 1983 டிசம்பர் 6இல் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரை, இந்தச் சுருக்கத்துக்கு எதிரான முக்கியமான முயற்சி. கருக்கலைப்பு, அணுஆயுதப் போர், மரணதண்டனை, சாகும் தறுவாயிலிருப்போரைப் பேணுதல் எல்லாவற்றையும் ஒரே அறத்தில் பிணைத்தார். எல்லாவற்றையும் சமமாக்கிக் கருக்கலைப்பின் கனத்தைக் குறைத்துவிட்டார் என்ற எதிர்வாதம் உடனே எழுந்தது. அந்த எதிர்வாதத்தில் பாதி நியாயம் உண்டு: எல்லாவற்றையும் பற்றிப் பேசுபவர் எதையும் பெயர் சொல்லிப் பேசாமல் தப்பிக்க முடியும். அந்த ஆபத்திலிருந்து காப்பது திருவழிபாட்டு ஆண்டின் வரிசைதான். அது எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டுவதில்லை. டிசம்பர் 28க்கு ஒன்று, பெரிய வெள்ளிக்கு ஒன்று; பசித்தவரும் அந்நியரும் சிறைப்பட்டவரும் வரும் மத்தேயு 25, மூன்றாண்டுக்கு ஒருமுறை கிறிஸ்து அரசர் ஞாயிறுக்கு. ஒவ்வொன்றும் தன் நாளில் முழுக்கவனம் கேட்கிறது.

திருநீற்றுப் புதனைப் பற்றியும் ஒரு வார்த்தை. உயிரின் புனிதம் என்றால் மூச்சை எப்பாடுபட்டாவது நீட்டிப்பது என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள். நீ மண் என்று நெற்றியில் சாம்பல் பூசும் நாள் அதை மறுக்கிறது. வரம்பு மீறிய சிகிச்சைக்கு நோயாளி கட்டுப்பட்டவர் அல்ல என்று மருத்துவர்களிடம் 12ஆம் பயஸ் 1957இலேயே சொன்னார். கொல்வது வேறு, சாவை ஏற்பது வேறு. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் முடிவெடுக்கத் தவிக்கும் குடும்பங்களுக்கு இந்த வேறுபாட்டை ஆலயத்தில் யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

காலனின் மறையுரைக்கு என்ன பலன் கிடைத்தது? மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 24இல், வாயுக் கொலைகளை நிறுத்த ஹிட்லர் ஆணையிட்டார். மறையுரை மட்டுமே அதைச் சாதித்தது என்பது மிகை. குடும்பங்களின் கொந்தளிப்பு முன்பே தொடங்கியிருந்தது. திட்டமிட்ட எண்ணிக்கை எட்டப்பட்டுவிட்டது என்பதையும் காரணமாகக் காட்டுகிறார்கள். குழந்தைகளைக் கொல்வது நிற்கவே இல்லை. ஹாடமாரில் 1942 ஆகஸ்டில் மறுபடி தொடங்கி, போர் முடியும்வரை மருந்தாலும் பட்டினியாலும் 4,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். வாயு அறைகளை நடத்தியவர்களில் பலர் பெல்ஸெட்ஸ், சோபிபோர், ட்ரெப்லின்கா கொலை முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆனாலும் அந்த உரை வீண் அல்ல. இரகசியமாக நடந்ததை அது ஊரறியக் கொலை என்று சொன்னது. கைப்பிரதிகளாகப் பரவியது, படைவீரர்களின் சட்டைப்பையிலும் இருந்தது. லியூபெக் நகரில் அதைப் பகிர்ந்த மூன்று கத்தோலிக்கக் குருக்களும், லூத்தரன் போதகர் கார்ல் ஃப்ரீட்ரிஷ் ஷ்டெல்பிரிங்கும் 1943 நவம்பர் 10இல் ஹாம்பர்கில் தலை துண்டிக்கப்பட்டார்கள்.

என் தீர்ப்பு இது. உயிரின் புனிதத்தைச் சிந்திக்கத் திருவழிபாட்டு ஆண்டைவிடச் செம்மையான வழி கிறிஸ்தவ மரபில் இல்லை. தனி ஞாயிறு அதற்கு ஈடாகாது. ஆனால் அதன் வாசகங்கள் தாமாகக் காப்பாற்றியவர்கள் மிகக் குறைவு. கொலை நடக்கும் இடத்தின் பெயரை மேடையில் சொல்லும்போதுதான் வாசகத்துக்கு உயிர் வருகிறது. சொந்த மக்களுக்காக மட்டும் சொன்னால் பாதிதான் வருகிறது. வாசகமோ மன்றாட்டோ இன்னொரு மக்களை இகழ்ந்தால், திருச்சபை 1959இல் செய்ததுபோல அதைத் திருத்தவும் வேண்டும். அவ்வளவு காலம் தாமதிக்காமல்.

காலன் பின்பற்றிய வாசகச் சுற்றின் புதிய வடிவம்தான் இன்று தமிழ்நாட்டுக் கத்தோலிக்க ஆலயங்களிலும் வாசிக்கப்படுகிறது. பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த மண் இது. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி இன்றும் ஆட்கள் சாகும் மண், சாதி மாறி மணந்ததற்காகப் பிள்ளைகளைப் பெற்றவர்களே கொல்லும் மண். டிசம்பர் 28க்கு மறையுரை எழுதும் குருக்களிடமும் போதகர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்: மரியந்தால் என்று காலன் சொன்னதுபோல, உங்கள் மாவட்டத்தில் இந்த ஆண்டு அப்படிச் செத்தவர்களின் ஊரைப் பெயர் சொல்லிப் பேசுங்கள். செத்தவர் உங்கள் சபையைச் சேராதவராக இருந்தால், அவரை முதலில் சொல்லுங்கள்.